ஷையான்: ஒரு பெயரின் பின்னால் ஆறு நாள்

நாள் 1: டென்வரிலிருந்து ஷையான் நகருக்கு

அக்கா மகள் போன மாதம் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்ட கேள்வி இது: "சித்தி, ஷையான்னா நாயா?"

அவளோடு இரண்டாம் வகுப்பில் படிக்கும் தோழியின் பெயர் ஷையான். பிரெஞ்சில் அதற்கு நாய் என்று அர்த்தம் என ஒரு பையன் சொல்லிவிட்டானாம். அந்தக் குழந்தை மதியம் முழுக்க அழுதிருக்கிறது. எனக்கு அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அது ஒரு பழங்குடி மக்களின் பெயர், பக்கத்து மாநிலமான வயோமிங்கின் தலைநகரத்துக்கும் அதே பெயர். "போய்த் தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன்" என்றேன். அக்காவுக்கு ஒரு வாரம் விடுப்பு கிடைத்தது. அத்தான் மகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இன்று காலை காரை எடுத்துவிட்டோம்.

டென்வரிலிருந்து நேர் வடக்கே 160 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இடப்பக்கம் ராக்கி மலைகள் கூடவே வந்தன. வலப்பக்கம் புல்வெளி, அதற்கு அப்புறம் வானம்தான். ஷையான் நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காரைவிட்டு இறங்கியதும் காற்று அக்காவின் துப்பட்டாவைப் பிடுங்கப் பார்த்தது. எழுத்தைப் பார்த்தால் எப்படியெப்படியோ படிக்கத் தோன்றும் இந்தப் பெயரை, ஊர்க்காரர்கள் 'ஷை-ஆன்' என்று இரண்டே அசையில் சொல்கிறார்கள். அழுத்தம் இரண்டாவது அசையில்.

ஊரின் நடுவில் பழைய ரயில் நிலையம். 1887-ல் கட்டி முடித்த கற்கோட்டை மாதிரியான கட்டடம், மணிக்கூண்டோடு. இப்போது உள்ளே அருங்காட்சியகம். இந்த ஊரைப் பெற்றெடுத்ததே ரயில்தான். 1867 ஜூலையில், யூனியன் பசிபிக் ரயில் பாதையின் தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ், கிரோ ஓடை குறுக்கிடும் இடத்தில் கூடாரம் போட்டு நகருக்கு அளவு குறித்தார். நவம்பரில் முதல் ரயில் வந்தபோது ஆயிரக்கணக்கில் ஆட்கள் குடியேறியிருந்தார்கள். புல்வெளியின் மாய நகரம் என்று இதற்குப் பட்டப்பெயரே உண்டு. பெயர் மட்டும் அந்தப் புல்வெளியில் ஏற்கெனவே இருந்தவர்களுடையது.

இதை நினைக்க நினைக்க மனசு கனத்தது. 1851-ல் லாரமி கோட்டையில் போட்ட ஒப்பந்தத்தில், வடக்கு பிளாட் ஆற்றுக்கும் ஆர்கன்சா ஆற்றுக்கும் நடுவில் உள்ள நிலம் ஷையான், அரபஹோ மக்களுடையது என்று அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டது. நான் நின்றிருந்த நடைமேடை அந்த நிலத்துக்குள்தான் இருக்கிறது. 1864 நவம்பர் 29 அன்று, கொலராடோவில் சாண்ட் கிரீக் என்ற ஓடைக்கரையில் சமாதானமாகத் தங்கியிருந்த ஷையான், அரபஹோ குடும்பங்களைப் படைகள் சூழ்ந்து கொன்றன. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள். அது நடந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, இந்த ஊருக்கு அவர்கள் பெயரை வைத்தார்கள். வைத்த அடுத்த மாதமே, நெப்ராஸ்காவில் பிளம் கிரீக் என்ற இடத்தில் ஷையான் வீரர்கள் இதே ரயில் பாதையைப் பெயர்த்து ஒரு சரக்கு ரயிலைக் கவிழ்த்தார்கள். தங்கள் பெயரில் மேற்கே ஒரு ரயில் நகரம் முளைத்துக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியுமா?

அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருந்த பெரியவரிடம் பெயரின் அர்த்தம் கேட்டேன். "அந்நிய மொழி பேசுகிறவர்கள்" என்று உடனே பதில் வந்தது. நாய் கதையைச் சொன்னேன். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர் போலத் தலையாட்டினார். 1868-ல் இந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்தபோது என்ன பெயர் வைப்பது என்று செனட்டில் பேச்சு நடந்தது. ஷையான், ஷோஷோனி, அரபஹோ, பிளாட் என்று பல பெயர்கள் அடிபட்டன. ஷையான் தோற்றதற்கு அந்தப் பிரெஞ்சு ஒலியும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். ஜெயித்த 'வயோமிங்' இந்த மண்ணுக்கே சம்பந்தமில்லாதது. வெகு கிழக்கே பென்சில்வேனியாவில் உள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயர், டெலவர் மக்களின் மொழியிலிருந்து வந்தது.

ஆக, எட்டு வயதுக் குழந்தையை அழவைத்த பேச்சு 150 வருடத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

விடுதி அறையில் உட்கார்ந்து படித்த வரையில் நாய்க் கதை நிற்காது என்பது உறுதி. பிரெஞ்சில் நாய்க்கு 'ஷியான்' என்பார்கள், பெண் நாய்க்கு 'ஷியென்'. ஷையான்களிடம் 'நாய் வீரர்கள்' என்று பெயர்பெற்ற ஒரு போர்ச் சங்கம் இருந்தது. இரண்டையும் சேர்த்து யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஆனால் அது பல சங்கங்களில் ஒன்றுதான். முக்கியமாக, பெயர் பிரெஞ்சே கிடையாது. பக்கத்தில் வாழ்ந்த டகோட்டா மக்கள் இவர்களை 'ஷஹியேனா' என்று அழைத்தார்கள். பிரெஞ்சு வணிகர்கள் அதைக் கேட்டுத் தங்கள் எழுத்தில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

வழிகாட்டி சொன்ன அர்த்தமும் அந்த டகோட்டா சொல்லை வைத்து வந்ததுதான். டகோட்டாவில் 'ஷா' என்றால் சிவப்பு, 'இயா' என்றால் பேசு. சிவப்பாகப் பேசுவது என்றால் நமக்குப் புரியாதபடி பேசுவது. வெள்ளையாகப் பேசுவது என்றால் தெளிவாகப் பேசுவது. மொழிபெயர்ப்பாளருக்கு அவர்கள் சொல்லும் 'இயெஸ்கா' அதிலிருந்து வந்தது. நம் பழம்பாட்டுகளில் வேற்றுமொழி வழங்கும் நாட்டை 'மொழிபெயர் தேயம்' என்பார்களே, அந்த நினைவு வந்தது. அழகான விளக்கம். புத்தகங்களிலும் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் மொழியியலாளர்கள் இன்று இதை ஏற்பதில்லை. ஏன் என்பது எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

நாள் 2: ராபின்சன் கோட்டை, நெப்ராஸ்கா

பெயரைத் தேடி வந்த பயணத்தில் இந்த இடம் அவசியமா என்று அக்கா கேட்டாள். வழியில் இருக்கிறது, பார்க்காமல் போக எனக்கு மனசு வரவில்லை.

கிராஃபோர்டு என்ற சின்ன ஊரை ஒட்டி வெளிறிய பாறைக் குன்றுகள். அவற்றின் அடியில் பச்சைப் புல்வெளி, பழைய படை வீடுகள், மேயும் குதிரைகள். விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஓரத்தில் மரக்கட்டைகளை அடுக்கித் திரும்பக் கட்டியிருக்கும் நீளமான படைக்கொட்டடி ஒன்று. அதற்குள் போய் நின்றோம்.

வடக்கே பிறந்து வளர்ந்த ஷையான்களை அரசு 1877-ல் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோய் விட்டது. காய்ச்சலும் பசியும் அங்கே ஆட்களைத் தின்றன. 1878 செப்டம்பரில் முந்நூறு பேர் வரை ஊருக்குத் திரும்பிப் போகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தலைவர்கள் இருவர். ஒருவர் லிட்டில் உல்ஃப், அதாவது சின்ன ஓநாய். இன்னொருவரை வரலாறு டல் நைஃப் என்று எழுதுகிறது: மழுங்கிய கத்தி. வழியில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. டல் நைஃபுடன் போன 149 பேர் பிடிபட்டு இங்கே இந்தக் கொட்டடியில் அடைக்கப்பட்டார்கள்.

தெற்கே திரும்பிப் போ என்றார்கள். இங்கேயே சாகிறோம், போகமாட்டோம் என்றார்கள். 1879 ஜனவரி தொடக்கத்தில் சாப்பாட்டையும் விறகையும் நிறுத்தினார்கள், பிறகு தண்ணீரையும். ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டித் தின்றார்களாம். ஜனவரி 9 இரவு ஜன்னல் வழியே குதித்து, பனியில் ஓடினார்கள். அந்த இரவிலும் அடுத்த இரண்டு வாரத் துரத்தலிலும் 64 பேர் கொல்லப்பட்டார்கள்.

அக்கா அந்த ஜன்னல் பக்கமே நின்றுகொண்டிருந்தாள். ஜூன் மாத வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது.

டல் நைஃப் குடும்பத்தோடு தப்பிவிட்டார். அவருடைய பெயரைப் பற்றி இங்கேதான் தெரிந்துகொண்டேன். மழுங்கிய கத்தி என்பது டகோட்டாக்களின் மேற்கத்திய உறவினரான லக்கோட்டாக்கள் அவருக்கு வைத்த பெயர். சொந்த மக்கள் அவரை அழைத்தது வோஹெஹெவெ என்று. விடிவெள்ளி என்று பொருள். ஒரு மனிதர் தன் மக்களுக்கு விடிவெள்ளி. பக்கத்து மக்களுக்கு மழுங்கிய கத்தி. நாம் படிக்கும் புத்தகத்தில் ஏறியது இரண்டாவது.

நாள் 3: ஷையான் ஆறும் கரடி மலையும்

வடக்கே தெற்கு டகோட்டாவுக்குள் நுழைந்து, ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாலம். பலகையில் ஷையான் ஆறு என்று இருந்தது. பழுப்பு நிறத் தண்ணீர், கரையில் பஞ்சு மரங்கள். வண்டியை ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தோம். லக்கோட்டா மொழியில் இந்த ஆற்றின் பெயர் வக்பா வஷ்டே, 'நல்ல ஆறு'. கீழே மிசூரியில் போய்ச் சேரும் இடத்துப் பக்கம் 'ஷையான் ஆறு' என்ற பெயரில் பழங்குடிகளுக்கென ஒதுக்கிய நிலமே இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் ஷையான்கள் இல்லை, லக்கோட்டாக்கள். பெயரை வைத்து ஆளைத் தேடினால் இந்த நாட்டில் வழி தப்பிவிடும்.

ராபிட் சிட்டியில் சாப்பாடு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மதியம் மூன்று மணிக்குக் கரடி மலை. ஸ்டர்ஜிஸ் ஊரைத் தாண்டியதும், சமவெளியில் தனியாகப் படுத்திருக்கிறது. பிளாக் ஹில்ஸ் எனப்படும் கருங்குன்றுகளோடு சேராமல் விலகி நிற்கும் மலை. பூமிக்கு அடியில் பொங்கிய பாறைக்குழம்பு மேலே வராமலே இறுகி, மேல்மண் அரித்துப்போனபின் வெளியே தெரிந்ததாம். லக்கோட்டாக்களுக்கு இது மத்தோ பஹா, கரடிக் குன்று. ஷையான்களுக்கு நோவாவோஸ். அவர்களுக்கு இதைவிடப் புனிதமான இடம் வேறில்லை.

உச்சிக்குப் போகும் பாதை மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம். பாதை ஓரத்து மரங்களில் எல்லாம் துணிகள்: சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. சின்னச் சின்ன முடிச்சுகளில் புகையிலை. ஒவ்வொன்றும் ஒருவருடைய வேண்டுதல். தொடாதீர்கள் என்று கீழேயே கேட்டுக்கொள்கிறார்கள். நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். வேண்டுதலுக்கு முடிச்சுப் போட்ட மரத்தடியில் எப்படி நடக்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பேரும் மேலே போகும்வரை பேசிக்கொள்ளவில்லை.

ஷையான்களின் பெரிய ஞானி ஸ்வீட் மெடிசின் இந்த மலைக்குள்தான் பரம்பொருளான மாஹேயோவிடமிருந்து நான்கு புனித அம்புகளைப் பெற்றார். கொலை செய்யாதே என்பது முதலான சட்டங்கள், நாற்பத்து நான்கு சமாதானத் தலைவர்கள் கூடும் அவை எல்லாம் அவர் கொண்டுவந்தவை. சிதறிக் கிடந்த கூட்டங்கள் ஒரே மக்களானது அவரால்தான் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு.

அந்த ஒரே மக்களுக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் த்ஸித்ஸிஸ்தாஸ். நம்மவர்கள், நம்மைப் போன்றவர்கள் என்ற பொருளில் சொல்வார்கள். பிற்பாடு ஸுதாய் என்ற உறவு மக்களும் வந்து கலந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது புனித எருமைத் தொப்பி. இன்றும் அம்புகளையும் தொப்பியையும் காப்பதற்குத் தனித்தனிக் காவலர்கள் இருக்கிறார்கள்.

மேலே காற்றில் துணிகள் படபடத்துக்கொண்டே இருந்தன. மேற்கே வெகுதூரம் வரை சமவெளி. நாளை நாங்கள் போக வேண்டிய திசை அது.

நாள் 4: லேம் டீர், மொன்டானா

பெல் ஃபூர்ஷிலிருந்து 212-ஆம் எண் சாலை. நான்கு மணி நேரம். மொன்டானாவுக்குள் போனதும் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி எதிரே வந்தால் பெரிய விஷயம். கைபேசியில் சிக்னல் இல்லை. ஆண்டிலோப் மான்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தன. டங் ஆற்றைத் தாண்டியதும் வடக்கு ஷையான்களின் நிலம் தொடங்குகிறது. சிவந்த மண், பைன் மரக் குன்றுகள். அழகான நாடு. ராபின்சன் கோட்டையிலிருந்து பனியில் ஓடியவர்கள் எதற்காக ஓடினார்கள் என்பது இந்தக் குன்றுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. 1884-ல் குடியரசுத் தலைவர் ஆர்தர் போட்ட ஆணையால் இது அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அந்த ஓட்டம் இல்லாவிட்டால் இதுவும் கிடைத்திருக்காது.

தலைநகரம் லேம் டீர். கொஞ்சம் வீடுகள், பழங்குடி அரசு அலுவலகம், மளிகைக் கடை, பெட்ரோல் பங்க். கொடியில் விடிவெள்ளிச் சின்னம். இங்கே ஒரு கல்லூரி இருக்கிறது, அதன் பெயர் சீஃப் டல் நைஃப் கல்லூரி. ஷையான் மொழியைச் சொல்லித்தருவதும் காப்பதும் அதன் வேலைகளில் ஒன்று.

அங்கே சந்தித்த ஒரு மூத்த அம்மா, நாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னார். அக்கா மகளின் தோழி அழுத கதையைச் சொன்னேன். "பாவம் குழந்தை" என்றார் முதலில். பிறகு தன் மக்களின் பெயரை எங்களுக்காக மூன்று தடவை மெதுவாகச் சொன்னார். மூன்றாம் தடவைதான் எனக்குக் கேட்டது: சொல்லின் நடுவிலும் கடைசியிலும் உயிரெழுத்துகள் குரல் இல்லாமல், வெறும் மூச்சாகப் போகின்றன. உதடு அசைகிறது, ஒலி வருவதில்லை. அந்த மொழியின் விசேஷமே இந்தக் கிசுகிசு உயிர்கள்தானாம். எனக்கு நம் குற்றியலுகரம் ஞாபகம் வந்தது. 'காசு' என்னும்போது கடைசி உகரம் முழு மாத்திரை பெறாமல் குறுகுமே, அதை இன்னும் பத்துப் படி கொண்டுபோனால் இதுதான்.

ஷையான் மொழிக்குப் பதினான்கு எழுத்துகள். உயிர் மூன்றே: அ, எ, ஒ. இந்த எழுத்துமுறைக்கு அடிப்படை போட்டவர் ரொடால்ஃப் பெட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். 1891-ல் மதப் பணிக்கு வந்தவர். 1915-ல் ஆங்கிலம்–ஷையான் அகராதி ஒன்றை வெளியிட்டார். பிறகு இதே லேம் டீருக்கு வந்து, வாழ்நாளின் மிச்சத்தை இங்கேயே கழித்தார். வந்த வேலை வேறாக இருந்தாலும், அந்த அகராதி இன்று பேரப்பிள்ளைகள் மொழியைத் திரும்பப் படிக்க உதவுகிறது. மொழி சரளமாக வருவது பெரும்பாலும் வயதானவர்களுக்குத்தான். அந்த அம்மாவும் அதையே சொன்னார், கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

வெளியார் வைத்த பெயரோடு இருப்பது உங்களுக்கு வருத்தமா என்று கேட்டேன். கேட்டபின் கேட்டிருக்கக்கூடாதோ என்று தோன்றியது. அவர் யோசிக்கவே இல்லை. "அது எங்கள் பக்கத்து மக்கள் கூப்பிட்ட பெயர். நாங்களும் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம்" என்று சொல்லி, லக்கோட்டாக்களைத் தாங்கள் அழைக்கும் சொல்லைச் சொன்னார்: ஹோஓஹோமோஎயோ. வெள்ளையருக்கு வேஹோஎ. அதே சொல்லுக்குச் சிலந்தி என்றும் பொருள். பழங்கதைகளில் ஊரை ஏமாற்றித் திரியும் தந்திரக்காரனுக்கும் அதே பெயர்தான்.

பிறகு கையால் ஒன்று செய்து காட்டினார். இடது ஆள்காட்டி விரலை நீட்டி, வலது ஆள்காட்டி விரலால் அதன் குறுக்கே வெட்டுவது போல இரண்டு மூன்று கோடுகள். மொழி புரியாத மக்கள் சந்திக்கும்போது புல்வெளி முழுக்கப் பேசிய சைகை மொழியில் 'ஷையான்' என்பதற்கு அதுதான் அடையாளம். வெட்டுப்பட்ட விரல் என்று வெளியார் நினைத்தார்கள்; வான்கோழி இறகின் வரிகள் தெரியும் எங்கள் அம்பு அது என்று இவர்கள் சொல்வார்கள்.

கிளம்பும்போது நன்றி சொல்லக் கற்றுக்கொண்டோம்: நேஆஎஷெ. கடைசி எகரம் மூச்சு மட்டும். அக்காவுக்கு முதல் தடவையே வந்துவிட்டது.

காரில் உட்கார்ந்ததும் ஒன்று தோன்றியது. இந்த மக்களின் பெயர் டகோட்டாக்கள் கொடுத்தது. தலைநகரமான லேம் டீரின் பெயர் 1877-ல் இந்தப் பக்கம் நடந்த சண்டையில் இறந்த ஒரு லக்கோட்டாத் தலைவருடையது. கல்லூரிப் பெயரும் லக்கோட்டா வாயிலிருந்து வந்தது. மூன்றுமே அண்டை வீட்டாரிடமிருந்து வந்தவை! அந்த அண்டை வீட்டாரை உலகம் 'சூ' என்று சொல்கிறதே, அதுவும் அவர்கள் பெயரில்லை. ஒஜிப்வே மக்கள் அவர்களைக் குறித்த நீளமான சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் எழுத, அதன் வால் மட்டும் மிஞ்சியது.

சாயங்காலம் மேற்கே பஸ்பி என்ற ஊர் வரை போனோம். ராபின்சன் கோட்டையில் கொல்லப்பட்டவர்களில் சிலரின் எலும்புகள் நூறு வருடத்துக்கு மேல் அருங்காட்சியகங்களில் கிடந்து, 1993-ல் இங்கே வந்து மண்ணில் சேர்ந்தன. ஒவ்வொரு ஜனவரியிலும் இந்த மக்களின் பிள்ளைகள் ராபின்சன் கோட்டையிலிருந்து இங்கே வரை, 600 கிலோமீட்டருக்கும் மேல், பனியில் மாறி மாறி ஓடி வருகிறார்கள். முன்னோர் ஓடி முடிக்காத தூரம்.

நாள் 5: வழி

முழு நாளும் கார். கோல்ஸ்டிரிப்பில் நிலக்கரி ஆலையின் புகைபோக்கிகள், ஃபோர்சைத்தில் காபி, அப்புறம் 94-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே, கிழக்கே. மிசூரியைத் தாண்டி பிஸ்மார்க்கில் இரவு. புல்வெளிக் குருவி ஒன்று நாங்கள் நிறுத்திய இடத்திலெல்லாம் வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து பாடியது. ஒரே குருவி இருக்க முடியாது, ஆனால் அப்படித்தான் தோன்றியது.

நாள் 6: ஷெயேன் ஆறு, வடக்கு டகோட்டா

இங்கேயும் அதே பெயரில் ஓர் ஆறு. ஆங்கிலத்தில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். வேலி சிட்டி என்ற ஊரில் ஆற்றைப் பிடித்து, அது வளைந்த இடத்தில் எல்லாம் நாங்களும் வளைந்து, ஃபோர்ட் ரான்சம் வழியாக லிஸ்பன் ஊருக்கு வந்தோம். ஐந்து நாளாகக் காய்ந்த புல்லைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு உலகம். ஓக் மரங்கள், எல்ம் மரங்கள், ஈர மண், கறுப்பு வயல்.

எருமை வேட்டையும் தோல் கூடாரமும் குதிரையுமாக நாம் நினைக்கும் ஷையான்கள் பிற்காலத்தவர்கள். அதற்கு முன்னால் இவர்கள் விவசாயிகள். 1680-ல் லா சால் என்ற பிரெஞ்சுக்காரர் இல்லினாய் ஆற்றங்கரையில் கட்டிய கோட்டைக்கு 'சா' என்று குறிக்கப்பட்ட ஒரு கூட்டம் வந்தது. அவர்கள் ஷையான்கள்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். அப்போது இவர்கள் இருந்தது மின்னசோட்டா பக்கம், ஏரிகளுக்கும் காடுகளுக்கும் நடுவில். பிறகு மேற்கே நகர்ந்து இந்த ஆற்றங்கரையில் மண் வீடுகள் கட்டி, சுற்றி அகழி வெட்டி, சோளம் போட்டு வாழ்ந்தார்கள். லிஸ்பனுக்குப் பக்கத்தில் அந்த ஊரின் தடம் இருக்கிறது. 1938-ல் தோண்டிப் பார்த்தபோது வட்ட வட்டமாக வீட்டுத் தரைகள் கிடைத்தன. அந்த இடத்துக்குள் நாங்கள் போகவில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டோம்.

முதல் நாள் பிடிபடாத முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது.

ஷஹியேனா. கடைசியில் உள்ள 'னா' டகோட்டா மொழியில் சிறுமை காட்டும் ஒட்டு. நாம் பெயருக்கு முன்னால் 'சின்ன' போடுவதை அவர்கள் பின்னால் போடுகிறார்கள். மேற்கே இருக்கும் லக்கோட்டாக்களின் பேச்சில் இதே ஒட்டு 'லா' என்று வரும். அவர்கள் சொல்வது ஷஹியேலா. வயோமிங்கிலும் மொன்டானாவிலும் ஷையான்களுக்குத் தோளோடு தோள் நின்றவர்கள் லக்கோட்டாக்கள். பெயர் அங்கே பிறந்து பரவியிருந்தால் 'ல்' என்று முடிந்திருக்க வேண்டும். 'ன்' என்று முடிகிறதே! அப்படியானால் கிழக்கே இருந்த டகோட்டாக்களின் வாயிலிருந்து, இந்த மக்கள் இந்தப் பக்கம் வாழ்ந்த காலத்திலேயே, பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ரயில் நகரம் தன் பெயரின் கடைசி எழுத்தில் மின்னசோட்டாக் காட்டை வைத்திருக்கிறது.

சரி, 'ஷஹியா' என்ன? டகோட்டாக்கள் தங்களுக்கு வடக்கே இருந்த கிரீ மக்களை அழைத்த பெயர் அது. ஆக, ஷஹியேனா என்றால் 'சின்னக் கிரீ'. மொழியியலாளர்கள் 'சிவந்த பேச்சு' விளக்கத்தை விட்டுவிட்டு இதைப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சொல்லின் உறுப்புகள் ஒழுங்காகப் பொருந்துவது இதில்தான்.

எனக்கு மலைப்பாக இருப்பது வேறு விஷயம். டகோட்டா வேறு மொழிக் குடும்பம். கிரீயும் ஷையானும் அல்கோன்கியக் குடும்பத்து உறவுகள், ஆனால் ஒலிகள் ஏகமாக விலகிப்போனவை. ஒன்றைக் கேட்டு இன்னொன்றை நினைப்பது சுலபமில்லை. மொழியியலாளர்கள் ஒலி மாற்ற விதிகளை வரிசையாக எழுதித்தான் அந்த உறவை நிறுவினார்கள். இந்த ஆற்றங்கரையிலோ இன்னும் கிழக்கே ஓர் ஏரிக்கரையிலோ இருந்த டகோட்டாக்கள், அகராதியும் இலக்கணமும் இல்லாமல், பக்கத்தில் வந்த புதியவர்களைக் கண்டு 'இவர்கள் கிரீக்களின் சின்ன வகையறா' என்று சொல்லியிருக்கிறார்கள். சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த உறவுக்கு ஒரே ஒரு சொல் உதாரணம் தருகிறேன். கிரீ மொழியில் 'அதிம்'. ஷையான் மொழியில் 'ஹோதமெ'. இரண்டும் ஒரே மூலச் சொல்லிலிருந்து பிறந்தவை. பொருள், நாய். நாய் வீரர் சங்கத்தின் பெயரில் வருவதும் இந்த ஹோதமெதான்.

மதியம் மூன்றரைக்கு அக்கா மகளை வீடியோவில் கூப்பிட்டோம். தோழியும் பக்கத்தில் இருந்தாள்.

"நாய் இல்லையே?"

"இல்லவே இல்லை. சின்னக் கிரீ."

"கிரீன்னா யாரு?"

"அவங்க ஒரு பெரிய ஜனங்க, வடக்கே, கனடாவுல."

"அவங்க பேருக்கு என்ன அர்த்தம்?"

அது அவர்களுக்கும் பிறர் வைத்த பெயர், தங்களை அவர்கள் நெஹியவக் என்று சொல்லிக்கொள்வார்கள் என்றேன். அந்தக் குழந்தை சத்தம் வராமல் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். அக்கா இடையில் புகுந்து த்ஸித்ஸிஸ்தாஸ் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பேரும் மூன்று தடவை சொன்னார்கள்.

"அங்கே என்ன இருக்கு சித்தி, காட்டு."

இந்த ஆற்றுக்கு டகோட்டாக்கள் வைத்த பழைய பெயரின் பொருள், 'ஷையான்கள் பயிர் வைக்கும் இடம்'. கைபேசியைத் திருப்பிக் காட்டினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் வயலில் மக்காச்சோளம் முளைத்து ஒரு சாண் உயரம் வந்திருந்தது, வரிசை வரிசையாக.